செய்தவர் முன்னால், பட்டவர் பின்னால்

அடுத்தவர் எழுதியதைத் தட்டச்சு செய்யும்போதே திருத்திவிடுவது என் வழக்கம். கேட்டுத் திருத்துவது இல்லை, என் இஷ்டத்துக்குத் திருத்துவது. திருநெல்வேலியில் டைப்பிங் ஹையர் கிரேடு பாஸ் பண்ணிவிட்டு, கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்து, ஒரு மத்திய அரசுக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் நான். எங்கள் இன்ஜினியர்கள் பாய்லர் செய்யத் தெரிந்தவர்கள். ஆங்கிலம் வேறு விஷயம். வினைச்சொல் ஒரு பக்கம் போகும், எழுவாய் இன்னொரு பக்கம் போகும். நான் இரண்டையும் பிடித்துக் கட்டிவைப்பேன். அவர்கள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று செக்‌ஷன் தாண்டி என்னைத் தேடி வருவார்கள். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

அல்வாலில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு பழைய மெஷின் வாங்கிப் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவேலை எடுத்துச் செய்வேன். எழுபதுகளின் கடைசியில், ஒரு ஆகஸ்ட் மாதத்தில், அந்த மெஷினைத் தேடித்தான் டீச்சர் வந்தாள்.

போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். முப்பத்திரண்டு வயது இருக்கும், என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்தில் வந்து தங்கிவிட்ட தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அவள் பேசும் தமிழில் பாதிக்கு, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’ என்று உருது வந்து உட்கார்ந்திருக்கும். வந்த அன்றைக்கு ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துணிப்பை. பைக்குள் கையால் எழுதிய நானூறு பக்கம்.

“அக்கா, இது என் தீஸிஸ். ஒரு ஒரிஜினல், நாலு கார்பன். அக்டோபர் மாசம் முதல் வெள்ளிக்கிழமை யுனிவர்சிடில குடுக்கணும்.”

“இன்னும் ரெண்டு மாசம் முழுசா இல்லையே டீச்சர். தள்ளிப்போடக் கூடாதா?”

“அன்னிக்கு என் ரிஜிஸ்ட்ரேஷன் முடியுது. ஆறு வருஷம் குடுத்தாங்க, ஆறும் ஆச்சு. அதுக்கு அப்புறம் குடுத்தா வாங்க மாட்டாங்க. ரெண்டாவது தடவை பதியவும் விட மாட்டாங்க.”

சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் துணிப்பையை என் கையில் கொடுத்த பிறகும் அதன் காதை அவள் விடவில்லை. நான் சற்று இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பொருள் என்ன என்று கேட்டேன். அமேசான் காட்டில் பேசுகிற மொழிகளில் வினைச்சொல் எப்படி அமைந்திருக்கிறது என்பதாம். அரவாக் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். தமிழ், தெலுங்கு, கன்னடம் போல அதில் பல அக்கா தங்கைகள்.

“அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா?”

“நான் விஜயவாடா தாண்டிப் போனதில்ல அக்கா.”

பிறகு விவரம் சொன்னாள். அங்கே போய்த் தங்கிய யாரோ எழுதி வைத்துவிட்டு வந்த கதைகள், பேச்சுகள், சண்டைகள் எல்லாம் பிலிம் சுருளாக யுனிவர்சிடி நூலகத்தில் இருந்தன. அதை ஒரு கருவியில் மாட்டி, பெரிதாக்கி, வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் நகல் எடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் போலாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவாள். நூலகம் பூட்டும் மணி அடிக்கும்வரை இருப்பாள். ஆறு வருஷம் இப்படி. காதால் ஒருநாளும் கேட்காத பேச்சுக்காக ஒரு பெண் இவ்வளவு பாடுபடுவாளா என்று எனக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் பைத்தியம்தானோ என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

சரிபார்க்க என்று என் வீட்டில் அவள் கொண்டுவந்து வைத்த சீட்டுகளைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. செருப்புக் கடை அட்டைப் பெட்டிகள் ஏழு. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு சீட்டுகள், அச்சடித்த மாதிரி எழுத்து. மேல் வரியில் அந்த மொழிச் சொல், நடுவில் அதைப் பிரித்துக் காட்டும் வரி, கீழே ஆங்கிலத்தில் பொருள். ஆயிரக்கணக்கான சீட்டில் ஓர் அடித்தல்கூட இல்லை. எங்கள் ஆபீஸ் ரிக்கார்டு ரூம் இப்படி இருந்தால் நாங்கள் எல்லோரும் மதியமே வீட்டுக்குப் போகலாம்.

முதல் மூன்று அத்தியாயமும் தடங்கலில்லாமல் ஓடின. மெஷினில் இல்லாத குறிகளுக்கு இடம் விட்டுக்கொண்டே போவேன், பிறகு அவள் கறுப்பு மையால் நிரப்புவாள். நான்காம் அத்தியாயத்தில்தான் வினை வந்தது. வாக்கியம் வாக்கியமாக உதாரணங்கள். இரண்டு பக்கம் அடிப்பதற்குள் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது, பிடிபட்டதாக நினைத்தேன். ‘நான் நடந்தேன்’ என்றால் வினைக்கு முன்னால் ‘நு’ என்று ஒட்டுகிறது. ‘நான் பேசினேன்’, முன்னால் ‘நு’. ‘நான் வெட்டினேன்’, முன்னால் ‘நு’. சரிதான், ‘நு’ என்றால் ‘நான்’. நம்முடைய ‘நடந்தேன்’ என்பதில் ‘ஏன்’ கடைசியில் வரும், அவர்களுக்கு முதலில் வருகிறது, அவ்வளவுதானே.

பிறகு ‘எனக்குப் பசிக்கிறது’ வந்தது. கீழே பொருள் வரியில் ஆங்கிலத்தில் ‘நான்’ என்றுதான் தொடங்கியிருந்தது. மேலே சொல்லில் ‘நு’வைக் காணோம். அதற்குப் பதிலாகக் கடைசியில் ‘ன’ என்று ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது குளிர்கிறது; அங்கேயும் ‘நு’ இல்லை, ‘ன’ இருக்கிறது. சோர்வு, நோவு, எல்லாவற்றிலும் அப்படியே. பாவம், களைப்பில் எழுவாயை விட்டுவிட்டாள் என்று முடிவு கட்டினேன். பின்னால் தொங்கிய ‘ன’வை எடுத்துவிட்டு, முன்னால் ‘நு’வைப் போட்டேன். ஒன்றல்ல, இரண்டல்ல, அத்தியாயம் முழுக்க. முடித்துவிட்டு, எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கெல்லாம் எழுவாய் கொடுத்த புண்ணியவதியாக ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக வந்தாள் டீச்சர். நான்காம் அத்தியாயத்தைக் கையில் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். முன்பக்கம் திருப்பினாள், பின்பக்கம் திருப்பினாள். முகத்தில் இரத்தமே இல்லை.

“அக்கா, இதை யாரு மாத்தினது?”

“நான்தான். ‘நு’ விட்டுப்போயிருந்துச்சு, போட்டிருக்கேன்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“எல்லாத்துலயுமா?”

“ஒண்ணு விடல.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, என் தீஸிஸே அதுதான்,” என்றாள். “அந்த ‘நு’ அங்க வராதுங்கிறதுதான் என் தீஸிஸ்.”

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவள் கத்தாததால் எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. “எனக்கு எரிச்சலா வருது டீச்சர். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடாம எனக்குப் பசிக்குது. நீங்க சொல்லுதது எனக்கு ஒரு எழவும் புரியல,” என்று பொரிந்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். மாறாக, அவள் கண் பளிச்சென்று ஆனது.

“இப்ப மூணு வாக்கியம் சொன்னீங்க அக்கா. ஒண்ணுலயாவது உங்களைப் பத்திச் சொல்லும்போது ‘நான்’ சொன்னீங்களா?”

யோசித்தேன். எனக்கு எரிச்சல், எனக்குப் பசி, எனக்குப் புரியவில்லை. ‘நான்’ ஒன்றில்கூட இல்லை.

“கைக்கு சொல்லல? ஏன்னா பசியை நீங்க செய்யல. அது உங்களுக்கு நடக்குது. பசிச்சா எதிர்வீட்டு பேகம் உருதுல ‘மேரெகு பூக் லக்ரி’ம்பாங்க. பக்கத்து வீட்டு ரெட்டியம்மா ‘நாக்கு ஆகலேஸ்தோந்தி’ம்பாங்க. ரெண்டுலயும் ‘எனக்கு’தான். அங்க காட்டுல இருக்கவங்க அதை வினைக்குள்ளயே வெச்சுட்டாங்க. ‘அவன் என்னை அடிச்சான்’ அவங்களுக்கு ஒரே சொல். அடிச்சவன் முன்னால, அடிபட்ட நான் பின்னால. அந்தப் பின்னால வர்றதுதான் இந்த ‘ன’. பசிக்கும்போதும் குளிரும்போதும் அதே ‘ன’வைத்தான் போடறாங்க. செஞ்சவ முன்னால நிப்பா, பட்டவ பின்னால நிப்பா.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தமிழில் ‘அடித்தான்’ என்றால் அடித்தவன் மட்டும்தான் சொல்லுக்குள் இருக்கிறான்; அடிபட்டவனை வெளியே தனியாக நிறுத்திவைத்திருக்கிறோம். அங்கே இரண்டு பேரும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். அதிலும், ஒருவர் செய்ததையும் அவருக்கு நேர்ந்ததையும் கலந்துவிடாமல், ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் பிரித்துச் சொல்கிறார்கள். எழுத்தும் ஏட்டுப் படிப்பும் இல்லாமல் ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிற சனம் இத்தனை நுணுக்கமாகப் பேசுகிறதே என்று மலைத்துப்போனேன். மலைப்பு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் நான் செய்த காரியம் உறைத்தது. அந்தப் பின்னால் நிற்கிறவர்களை எல்லாம் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திவிட்டேன்.

“இன்னொண்ணு கேளுங்க,” என்றாள். தீஸிஸ் பாழாகிக் கிடக்கும்போதுகூட அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “‘என் கை’ன்னு சொல்லவும் அதே ‘நு’தான் முன்னால வரும். செய்யறதுக்கும் உடைமைக்கும் ஒரே ஒட்டு.”

“அப்போ செஞ்சவளுக்கே அது சொந்தம்னு சொல்லுங்க.”

“ஹவ் அக்கா. அப்படியும் சொல்லலாம்.” அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

திங்கள் முதல் ஆபீஸுக்கு லீவு போட்டேன். மற்ற அத்தியாயங்கள் அடித்தாகிவிட்டன; இது மட்டும் அறுபத்தெட்டுப் பக்கம், ஐந்து பிரதி. ஒரு தட்டு தவறினால் ஐந்து தாளிலும் ரப்பர் போட்டு அழிக்க வேண்டும். அவளும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். நான் அடித்தேன். இந்த முறை என் சொந்தப் புத்திக்கு வாயைக் கட்டியிருந்தேன். மிஞ்சிப்போனால் புதன் மதியம் முடியும், வியாழன் பைண்டிங், வெள்ளி காலையில் யுனிவர்சிடி. கணக்கு நூலிழையில் சரியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு சொல்லில் எழுத்து தெளிவாக இல்லை என்று அட்டைப்பெட்டியைத் திறந்து, சீட்டுகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த, அவள் நூலகத்தில் எடுத்த பென்சில் நகலைப் பார்த்தேன். சொல் ‘அழு’. அத்தியாயத்தில் அவள் எழுதியிருந்தபடி, ‘அழுதேன்’ என்பதற்கு எப்போதும் முன்னால் ‘நு’தான், நடந்தேன், பேசினேன் மாதிரி. ஆனால் நகலில் அந்த இடத்தில் பின்னால் ‘ன’ இருந்தது. அதை மெல்லிசாக அடித்து, பக்கத்தில் ‘எழுத்துப்பிழை’ என்று எழுதி, ‘நு’ போட்டிருந்தாள். அவளுடைய கையெழுத்துதான்.

இன்னும் சில தாள்களைப் புரட்டினேன். ‘அழு’ பல இடங்களில் ‘நு’வோடுதான் இருந்தது. ஆனால் நான்கு இடங்களில் ‘ன’ இருந்து, நான்கையும் அவள் திருத்தியிருந்தாள். எனக்குக் கை நின்றுவிட்டது. இது நான் செய்த அதே வேலை அல்லவா? ஒழுங்குக்கு ஒத்துவராத ஒன்றைப் பிழை என்று நினைத்துச் சரிப்படுத்துகிற வேலை!

சொன்னால் வெள்ளிக்கிழமை போய்விடும், ஆறு வருஷமும் கூடவே போய்விடும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹைதராபாத்தில் அந்த பிலிம் சுருளை வேறு யார் மாட்டிப் பார்க்கப்போகிறார்கள்? என் வேலை அடிப்பதுதானே, வாயை மூடிக்கொண்டு அடி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு வரிகூட அடிக்க முடியவில்லை. அவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு மாதத்துக்குள் அவள்மேல் அத்தனை பிரியமும் மரியாதையும் வந்துவிட்டிருந்தது.

அவள் வந்ததும் நான்கு தாளையும் வரிசையாக மேசையில் வைத்தேன். “டீச்சர், இது பிழைதானா?” என்றேன்.

நின்றபடியே படித்தாள். நான்கு கதைகளையும் எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். நான் அடுப்படிக்குப் போய், தேவையே இல்லாமல் பருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். அரைமணி கழித்துக் கூப்பிட்டாள்.

“நாலும் செத்த வீட்டுக் கதை அக்கா. பிள்ளை செத்துப்போச்சு, புருஷன் ஆத்தோட போயிட்டான். அங்கெல்லாம் பின்னால வருது. மத்த இடத்துல, யாரையாவது கூப்பிட அழுதா, அடம்பிடிச்சு அழுதா, முன்னால வருது.” தாளைத் தடவிக்கொண்டே சொன்னாள். “அந்த அழுகையை அவங்க அழல. அது அவங்களுக்கு வந்துச்சு. அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான் பிழைன்னு அடிச்சுட்டேன்.”

“அடியில ஒரு குறிப்பு போட்டுக்கிடுவோம் டீச்சர். ரெண்டு வரி. நான் இடம் பண்ணுதேன்.”

“நக்கோ. இந்த ஒரு சொல் ரெண்டு பக்கமும் போகுதுன்னா, மத்த சொல் எல்லாத்தையும் இதே கண்ணோட திரும்பப் பாக்கணும். அத்தியாயம் மாறும்.”

“வெள்ளிக்கிழமை?”

அவள் ஏழு அட்டைப்பெட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, “அவகாசம் கேட்டு லெட்டர் போடுவோம்,” என்றாள். அப்படிக் கேட்டுக் கிடைத்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். தனக்குத் தெரிந்து இல்லை என்றாள். அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. திட்டவும் தோன்றியது.

லெட்டர் என்றால் என் ராஜ்ஜியம். தாளைச் செருகி, அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் அடித்துத் தள்ளினேன். ‘தவிர்க்க முடியாத காரணங்களால் தட்டச்சுப் பணியில் தாமதம் ஏற்பட்டுள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்று அதற்குப் பொருள். ஆபீஸ் கடிதத்துக்கு அதைவிடப் பத்திரமான வாக்கியம் கிடையாது. யார் தலையிலும் எதுவும் விழாது.

டீச்சர் தோளுக்கு மேலாகப் படித்தாள். “ஏற்பட்டுச்சா? யாரு ஏற்படுத்தினது?”

“அப்படித்தான் டீச்சர் எழுதணும்.”

“‘நான்’ போடுங்க அக்கா. நாலு இடத்துல நான் தப்பாத் திருத்தினேன். அதைச் சரி செய்யாம குடுக்க நான் விரும்பல. நான் தாமதிச்சேன். இதை எழுதுங்க.”

“ஆபீஸ்ல யாரும் ‘நான்’னு எழுத மாட்டாங்க.”

“கைக்கு?”

“மாட்டிக்கிடுவோம்லா.”

“மாட்டிக்கறேன்,” என்றாள். “இந்த ஆறு வருஷமும் யாரு செஞ்சா, யாருக்கு நடந்துச்சுன்னு பிரிச்சுப் பிரிச்சு எழுதியிருக்கேன். என் சொந்த லெட்டர்ல அதை மூடி மறைச்சா எனக்கு வெக்கமா இருக்கும்.”

புதுத் தாள் செருகி அவள் சொன்னபடி அடித்தேன். மூன்று வாக்கியம், மூன்று ‘நான்’. அவள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, “கொஞ்சம் பொறுங்க,” என்று தாளை மறுபடி மெஷினில் ஏற்றினேன். கீழே ஒரு பத்தி சேர்த்தேன்: ‘இதற்கு முன்பே நான்காம் அத்தியாயத்தை, இதைத் தட்டச்சு செய்த நான், கேட்காமல் மாற்றினேன். அதில் நாட்களை வீணாக்கியது நான்.’ அதன் கீழே என் பெயரையும் அடித்தேன்.

“நக்கோ அக்கா! உங்களை எதுக்கு இதுல?”

“கைக்கு நக்கோ? நான் செஞ்சேன், என் ‘நு’வை நான் போட்டுக்கிடுதேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேருமாக யுனிவர்சிடிக்குப் போனோம். அவள் வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்தை முதலில் வாங்கினோம். அவர் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாரே தவிர, தடுக்கவில்லை. பிறகு பரீட்சைப் பிரிவு அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். டீச்சர் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கு அந்தக் கடைசிப் பத்தி அவளுக்கு உதவியா உபத்திரவமா என்று அப்போதுதான் பயம் வந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி வயதான தெலுங்கர். மேசையின் இரண்டு பக்கமும் கோப்புகள் தோள் உயரத்துக்கு இருந்தன. கடிதத்தை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“இந்த டைப்பிஸ்ட் யாரு?” என்று தெலுங்கில் கேட்டார்.

“நான்தான்,” என்றேன். எழுந்து நின்றுவிட்டேன்.

என்னைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். இடதுபக்கம் இருந்த கோப்புகளின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இதுல எத்தனை தாமதம் இருக்கு தெரியுமா? எல்லாம் தானாவே ஏற்பட்டது, தானாவே நேர்ந்தது. இன்னிக்கு வரைக்கும் இங்க ஒரு தாமதத்தை யாருமே செஞ்சதில்லம்மா,” என்று சொல்லி, கடிதத்தின் ஓரத்தில் ‘மூன்று மாதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.